போதுமான வெறுப்பு

அந்த மாதங்களில் அலுவலகம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, நெத்திலிக் கருவாட்டைச் சூடாக்குவது. குளிரூட்டிய அறை, ஜன்னல் திறக்காது, உணவைச் சூடேற்றும் அடுப்பு எல்லோருக்கும் பொது. மூடி போடாமல் சூடாக்கினால் வாசம் ஐந்து நாற்காலிகளையும் சுற்றிவிட்டு மதியம்வரை அங்கேயே குடியிருக்கும். எனக்கும் கருவாடு பிடிக்காது. சூடானதும் குப்பையில் கொட்டிவிடுவேன். பிறகு காளியண்ணன் நாற்காலிக்குப் போய், அவர் தன் முதுகுக்கு அளவாகத் திருத்தி வைத்திருக்கும் சாய்மானத்தைக் கடைசிவரை சாய்த்துவிட்டு வருவேன். ஜீவிதா உள்ளே நுழைந்து, 'குட் மார்னிங் அக்கா' என்பாள். அவள் நேற்றுச் செய்த தவறுகளை அறை முழுக்கக் கேட்கும்படி நான் சொல்ல ஆரம்பிப்பேன்.

யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வேலையிலிருந்து விலக விண்ணப்பித்தவள் இப்படித்தான் நடந்துகொள்வாள் என்பது ஊருக்கே தெரியும். போன வருடம் இதே ஜீவிதா இரண்டு மாதம் எங்கள் தண்ணீர் பாட்டில்களில் எல்லாம் வாய் வைத்துக் குடித்தாள். விடுதலை கிடைக்கவில்லை. களைத்துப்போய் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். மறுநாளிலிருந்து பழையபடி குட் மார்னிங். எங்கள் அறையில் மரியாதைக்கு ஒரே ஒரு பொருள்தான்: இந்த ஆளுக்கு இப்போதைக்குப் போகிற எண்ணம் இல்லை.

என் பெயர் மயிலாத்தாள். கொள்ளுப்பாட்டிகளின் பெயர்கள் மறுபடியும் நாகரிகமாகிவிட்ட காலத்தில் பிறந்தவள். நாமக்கல்லில் தொலையோட்டி வேலை. நெடுஞ்சாலையில் இப்போது ஓடும் லாரிகளில் ஆள் கிடையாது. தானாக ஓடும், தானாகவே தடுமாறும். தடுமாறினால் உதவி கேட்கும். உடனே எங்கள் அறையில் ஏதாவது ஒரு நாற்காலிக்கு முன்னால் திரை விரியும். நாமக்கல்லில் உட்கார்ந்தபடியே நாக்பூர்ப் பக்கம் நிற்கிற லாரியைப் பிடித்து ஓட்டி, சிக்கலைத் தாண்டவைத்து, மறுபடியும் அதன் பொறுப்பிலேயே விட்டுவிடுவோம்.

சிக்கல் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாலையில் சாமந்திப் பூ உதிர்ந்து கிடக்கும். அது பள்ளமா, பொருளா என்று லாரிக்குத் தெரியாது. நின்றுவிடும். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்று அலறும். பூ கிடந்தால் முன்னால் சாவு ஊர்வலம் போகிறது, மெதுவாகப் பின்னால் போ, ஹாரனைத் தொடாதே, வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் பொறு என்று லாரிக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இன்று நாட்டிலுள்ள எல்லா லாரிகளும் அப்படித்தான் போகின்றன. அதற்குப் பெயர் 'பழனியப்பன் முறை'. பழனியப்பன் எங்கள் மேற்பார்வையாளர். லாரியே ஓட்டத் தெரியாதவர். அந்த முறைக்காக டெல்லிக்குப் போய் விருது வாங்கினார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பெட்டி பேடா கொண்டுவந்தார். பாதியை வழியிலேயே தின்றிருந்தார்.

இப்படி ஒன்பது வருடம். அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. லாரிகளுக்கு முடிவெடுக்கக் கற்றுத்தரும் நிறுவனம். பதவிக்குப் பெயர் 'முடிவு நெறியாளர்'. நான் கண்டுபிடிப்பது என் பெயரிலேயே இருக்கும் என்று எழுத்திலேயே தந்தார்கள். தீபாவளிக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். வாய்விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் இவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை.

வேண்டும் என்றால் உடனே போய்விட முடியுமா? கூட்டுச்சுமைச் சட்டம் இருக்கிறதே. அது நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு ஓராண்டு வரை ஆள் எடுக்காமல் நிறுவனங்கள் இழுத்தடித்தன. மீதி ஆட்கள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து நோயாளிகள் ஆனார்கள். ஆள் எடு என்று முதலாளியிடம் சொல்ல அரசுக்குத் தைரியம் வரவில்லை. அதனால், சுமக்கப் போகிறவர்கள் சம்மதித்தால்தான் ஒருவர் விலகலாம் என்று தொழிலாளி தலையிலேயே கட்டினார்கள். முதலில் கையெழுத்து போதும் என்றிருந்தது. பிரியாணி போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள், காலில் விழுந்து வாங்கினார்கள். வழக்கு மேல் வழக்காகப் போனது. கடைசியில் நீதிமன்றம், வாய்ச் சம்மதம் செல்லாது, உடம்பின் சம்மதம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. விலகுகிறவரின் வேலையைச் சுமப்பதைவிட அவரோடு ஒரே அறையில் இருப்பதே பெரிய சுமை என்று கூட வேலை செய்பவர் ஒவ்வொருவரின் உடம்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதை அளப்பதற்குத்தான் ஒவ்வாமைமானி. மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. விண்ணப்பம் கொடுத்ததும் எல்லோருடைய பட்டையிலும் விலகுகிறவருக்கான புள்ளி பச்சையாகத் தோன்றும். அவர் முகத்தைப் பார்க்கும்போது, குரலைக் கேட்கும்போது நாடியையும் வியர்வையையும் அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். வெறுப்பு கோட்டைத் தாண்டினால் புள்ளி சிவக்கும். அறையிலுள்ள அத்தனை புள்ளிகளும் ஒரே சமயத்தில் சிவப்பாக இருந்தால் விடுதலை ஆணை தானாக அச்சாகி வெளியே வரும். நடிப்பெல்லாம் அதனிடம் பலிக்காது. கோபம் வேறு, வெறுப்பு வேறு என்று அதற்குத் தெரியும். வீட்டில் சொன்னார்கள் என்று கல்யாணம் செய்துகொண்டு, பிறகு வேண்டாம் என்று நானே அதை முறித்தவள். அப்போதுகூட யாருடைய மணிக்கட்டும் சிவக்கத் தேவைப்படவில்லை.

விண்ணப்பம் கொடுத்த அன்றே, நான் இன்னும் ஒரு கருவாட்டைக்கூடத் தொடாதபோதே, நான்கில் இரண்டு புள்ளிகள் சிவந்துவிட்டன. காளியண்ணன், ஜீவிதா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காளியண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தி முடிகிறவரை நின்று பரிமாறியவள் நான். ஜீவிதாவுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ரோஷம் வந்தது. நேராக ஜீவிதாவிடம் போய், நான் உனக்கு என்னடி செய்தேன் என்று கேட்டேன்.

அவள் மழுப்பவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "நீங்க ஒண்ணும் பண்ணலீங்க அக்கா. உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குது. அதுதான்."

அந்த இரண்டு பேரையும் சிவப்பு குறையாமல் வைத்துக்கொள்ளத்தான் கருவாடும் சாய்மானமும். மூன்றாவது ஆள் நாகேஸ்வரன்தான் எனக்குப் போர்க்களமாக ஆனான். காரணம், வெள்ளிக்கிழமைகளில் பழனியப்பன் நடத்திய பொறுமைப் பயிற்சி. ஆள் குறைந்தால் அவருடைய பிரிவின் மதிப்பு குறையும். அதனால் விலக விண்ணப்பித்தவரை யாரும் வெறுத்துவிடாதபடி பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தபடி மூச்சை இழுத்து விட வேண்டும். 'மயிலாத்தாளும் நம்மைப் போல ஒரு உயிர்' என்று சேர்ந்து சொல்ல வேண்டும். நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், விதி அப்படி. என்னை ஒரு உயிர் என்று ஒப்புக்கொள்ளவே இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

நாகேஸ்வரன் அதில் முதல் மாணவன். என் லாரிகள் தன் தலையில் வந்து விழும் என்ற பயம் அவனுக்கு. அவன் சோற்றில் தண்ணீர் ஊற்றினேன். பழைய சோறு உடம்புக்கு நல்லதுங்க அக்கா என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். அவன் செருப்பை மாற்றி வைத்தேன், விடுப்பு நாளைப் பழனியப்பனிடம் சொல்லிக் கெடுத்தேன். பல்லைக் காட்டினானே தவிர புள்ளி அசையவில்லை. கடைசியில் அவன் திருவிழா மெல்லிசைக் குழுவில் பாடிய பதிவு ஒன்று கிடைத்தது. அதை அறையில் ஓடவிட்டு, சுருதி விலகிய இடத்திலெல்லாம் பேனாவால் மேஜையைத் தட்டினேன். பாட்டு முடிவதற்குள் சிவந்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை மூச்சை இழுத்து மறுபடியும் பச்சைக்கு வந்தான். திங்கட்கிழமை நான் மறுபடியும் பாட்டைப் போட்டேன். இப்படியே எங்களுக்குள் இழுபறியாக இருந்தது.

நான்காவது ஆள் துளசிமணி. பக்கத்து நாற்காலி. இந்த அறையில் நான் போக வேண்டும் என்று வாயாரச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் புள்ளிதான் துளிகூட அசையவில்லை.

"போ மயிலு," என்றாள், நான் விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கே. "உன்ற லாரியில பாதிய நானே பாத்துக்கறேன். இங்க கெடந்தீன்னா உன்ற பேர ஒரு பூந்தொட்டிக்குக்கூட வெக்க மாட்டானுவ." பட்டையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'எனக்குச் சம்மதம்' என்று மூன்று தடவை சொன்னாள். பட்டைக்குக் காது கிடையாது.

நான் போவதில் அவளுக்கு மற்றவர்களைவிட நஷ்டம் அதிகம். போன மழைக்காலத்தில் தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி அவளை உதவிக்குக் கூப்பிட்டது. திரை விரிந்தது, பிடியில் கை வைத்தாள், கை நகரவில்லை. லாரிக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஒன்று. நான் என் நாற்காலியிலிருந்து எட்டி அவளுடைய பிரேக்கை அழுத்தினேன். லாரி தடுப்புச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மழை வழுக்கல் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அவ்வப்போது அவள் கை அப்படியே உறைந்துபோகும். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். மழை பிடித்துவிட்டால் என் திரையில் ஒரு கண்ணும் அவள் திரையில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருப்பேன். என் கை பல தடவை அவள் பக்கம் நீண்டிருக்கிறது. அறையில் யாரும் கவனித்ததில்லை. நான் போய்விட்டால் கைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். பழகிக்கொள்வேன் என்றாள்.

என்னை வெறுக்க அவள் முயற்சி செய்யாமல் இல்லை. உணவு இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, பழைய குற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம். அவள் பட்டுப்புடவையை நான் இஸ்திரி போட்டுக் கருக்கியது, அவள் நாத்தனாரிடம் உளறிவிட்டு வீட்டில் சண்டை மூட்டியது, அவள் அழைத்துப்போன கோயிலில் நான் தூங்கி விழுந்தது. சொல்லச் சொல்ல எங்களுக்குச் சிரிப்பு வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று பச்சையாக இருந்தது.

பரமத்தி ரோட்டில் ஒருவர் பகை வகுப்பு நடத்தினார். ஒரு காலத்தில் வங்கி மேலாளராக இருந்து, கிளை முழுக்க ஒரே நாளில் சிவந்து விடுதலை வாங்கியவர். ஊரில் அவருக்கு அதனால் நல்ல மரியாதை. துளசிமணியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்தவங்களுக்குச் சின்னச் சின்ன தொந்தரவு போதும்மா. உசுரா இருக்கறவங்களுக்கு அதெல்லாம் ஏறவே ஏறாது. உங்கள நம்பி ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல, அதத் தொடுங்க."

அப்படி எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தீபாவளி நெருங்கியது. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தடவை பேசிவிட்டார்கள். இரண்டாவது தடவை குரலில் அந்தப் பழைய குழைவு இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் துளசிமணி உள்ளே வரும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். பச்சை. முதலில் அது எனக்கு இதமாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது, வந்தது போகவில்லை. இவளுக்கு என் மேல் பாசமா, என் கை மேல் பாசமா? வாய் போ போ என்கிறது, உடம்பு என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. வாய்ச் சொல் செல்லாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, நான் மட்டும் ஏன் அதை நம்ப வேண்டும்? வெள்ளிக்கிழமைகளில் உற்றுப் பார்த்தேன். எல்லோரையும்விட அவள்தான் ஆழமாக மூச்சை இழுத்தாள்.

அவளோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். பேசினால் பதில் சொல்லவில்லை. அவள் எனக்கான பங்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வைத்தாள். அந்த டப்பாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் இருக்கிறவர்களின் வெறுப்பை மட்டும்தான் அளக்கிறது, போகிறவளின் வெறுப்பை அளக்க ஆளில்லை. எனக்கும் ஒரு பட்டை இருந்திருந்தால் அந்த வாரம் முழுக்க அது சிவப்பாகவே இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வட்டமாக உட்கார்ந்தோம். வெளியே மழை. பழனியப்பன் புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். மயிலாத்தாளிடம் அவரவருக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமாம். காளியண்ணன், அவள் ராஜினாமா கொடுத்தது பிடித்திருக்கிறது என்றார். நாகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் சங்கீத ஞானம் என்றான். ஜீவிதா தனக்கு எதுவும் தோன்றவில்லை என்றாள். துளசிமணியின் முறை வந்தது.

"அவ பக்கத்துல உக்காந்திருக்கான்னா எனக்கு ஒரு தைரியமுங்க," என்றாள்.

அந்தத் தைரியம் என்கிற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"தைரியம் இல்ல துளசி, கை. என்ற கைதான் உனக்கு வேணும். தொப்பூர்ல பள்ளிக்கூட வேன் மேல ஏறாம உன்ற லாரிய நிறுத்துனது யாருன்னு சொல்லு. கை வெறச்சுப் போயி உக்காந்திருந்தியே, அதச் சொல்லு. ஒவ்வொரு மழைக்கும் உன்ற நாற்காலிக்கும் சேத்து நாந்தான் ஓட்டறேன்னு சொல்லு. நான் போயிட்டா மாட்டிக்குவேன்னுதான என்னைய விடாம புடிச்சு வெச்சிருக்கற?"

சொல்லிவிட்டு நான் பார்த்தது அவள் முகத்தை அல்ல, மணிக்கட்டை. மாதக்கணக்கான பழக்கம். மற்ற மூன்று பட்டைகளிலும் அந்த நொடியே சிவப்பு ஏறியது. ஜீவிதாவின் புள்ளியும் காளியண்ணனின் புள்ளியும் அதுவரை நான் பார்க்காத அடர்சிவப்பு. பொறுமைப் பயிற்சியின் முதல் மாணவன் நாகேஸ்வரன், நான் பாட்டைப் போடாமலேயே சிவந்து, எழுந்து போய்த் துளசிமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் புள்ளி மட்டும் பச்சையாகவே இருந்தது.

இங்கேதான் என் கணக்கு தப்பியது. விண்ணப்பம் கொடுத்த நாள் முதல் நான் சொன்ன எதையும் இந்த அறையில் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. விலகப் போகிறவள் வாயில் வருவதெல்லாம் நாடகம் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். காளியண்ணனைத் திருடன் என்றிருக்கிறேன், ஜீவிதாவை உளவாளி என்றிருக்கிறேன், இரண்டுக்கும் பழனியப்பன், சரி, மூச்சை இழுங்க என்றுதான் சொல்லியிருக்கிறார். இதற்கும் அதையே சொல்வார் என்று நினைத்தேன். துளசிமணிக்கு உறைக்கும், மற்றவர்களுக்கு நாடகமாகப் போய்விடும் என்பது என் நினைப்பு. பழனியப்பனுக்கு லாரி ஓட்டத்தான் தெரியாது. பள்ளிக்கூட வேனில் லாரி மோதினால் நாளைக்கு யார் தலை உருளும் என்பது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அழைப்பின் பதிவிலும் எந்த நாற்காலி, எந்த இறக்கம் என்று இருக்கும் என்பதும் தெரியும்.

"நெசமாங்களா துளசி?" என்று கேட்டார்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அறையில் அத்தனை பேரும் அவளைத்தான் நம்பியிருப்பார்கள். நானே அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க சார்," என்றாள்.

மறுநாள் நிறுவனத்தின் மருத்துவர் வந்தார். துளசிமணியின் கையில் ஏதேதோ ஒட்டிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவளை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சரக்குப் பெட்டிகளின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே பட்டை கிடையாது. அங்கே இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் யாருடைய சம்மதமும் இல்லாமல் போகலாம். போனால் அடுத்த நிமிடம் அந்த இடத்தில் ஒரு கருவி வந்து நிற்கும். யாருக்கும் சுமை ஏறாது, அதனால் சட்டத்துக்கு அவர்கள் கணக்கிலேயே இல்லை.

அவள் பட்டையைக் கழற்றிப் பழனியப்பனின் மேஜையில் வைத்த அந்த நிமிடம் எங்கள் குழுவில் என்னைத் தவிர மூன்று பேர்தான். மூன்றும் சிவப்பு. மூலையிலிருந்த அச்சுக் கருவி தானாக உயிர்பெற்று என் விடுதலை ஆணையை வெளியே தள்ளியது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. நானே போய் எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருப்பாயா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நான் சொன்னது பொய் இல்லை. அந்த வேனில் பிள்ளைகள் இருந்தார்கள். மழையில் உறையும் கையோடு ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அத்தனை மாதம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

ஆணையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பொருள் வைக்கும் அறைக்குப் போனேன். துளசிமணி தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு சால்வை, மழைக்கால ரப்பர் செருப்பு, கைக்குப் பூசுகிற தைலம். அவள் என்னை அறைந்தால் நன்றாயிருக்கும் என்று மனதாரத் தோன்றியது. கதவை ஒட்டி நின்றேன். அவள் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன். மத்தவங்ககிட்டப் பண்ணுன மாதிரி எங்கிட்டயும் பண்ணுனயா, இல்ல நெசமாவே நெனச்சுச் சொன்னயா?"

நாடகம் என்று சொன்னால் ஒரு நாடகத்துக்காக அவள் நாற்காலியைப் பறித்தவள் ஆவேன். உண்மை என்று சொன்னால் ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அப்படி நினைத்தவள் ஆவேன். இரண்டில் எது உண்மை என்று எனக்கே அப்போது தெளிவில்லை. வெறுக்க வைப்பதிலேயே ஊறிப்போன வாய், அதிகம் வலிக்கிற பதிலைத் தானாகத் தேர்ந்தெடுத்தது.

"நெசமாத்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, பழக்கத்தில், தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பட்டை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டறதுன்னா திட்டு துளசி," என்றேன்.

"திட்டணும்னு இருக்குதான்னு பாக்கறேன்," என்றாள். "ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

கோயம்புத்தூருக்கு எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பார்த்துப் போ என்றாள். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

கோயம்புத்தூரில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். சேர்ந்த முதல் ஆண்டிலேயே என் பெயரில் ஒரு முறை வந்துவிட்டது. இறக்கத்தில் லாரி உதவி கேட்கும்போது, தொலையோட்டியின் கை நகர்கிறதா என்று லாரியே பார்க்கும். நகரவில்லை என்றால் காத்திருக்காது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓரமாகத் தானே நிற்கும். இனிமேல் எவர் கை உறைந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. எங்கிருந்து இது தோன்றியது என்று விழாவில் கேட்டார்கள். அனுபவம் என்றேன். இந்த முறை முன்னாலேயே இருந்திருந்தால் துளசிமணி இன்றும் அந்த நாற்காலியில்தான் இருப்பாள். நாட்டிலுள்ள லாரிகள் எல்லாம் இப்போது என் பெயரைச் சுமந்துகொண்டு இறக்கங்களில் இறங்குகின்றன. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போன் செய்கிறேன். ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை. கீழ்த்தளத்தில் வேலை சுலபம் என்கிறாள், நாகேஸ்வரன் தினமும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறான் என்கிறாள். என் முறையைப் பற்றிச் செய்தியில் பார்த்தாளாம், ரொம்ப நல்லா வந்திருக்குது என்றாள். குரலில் ஒரு பிசிறு இருக்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். இருப்பதில்லை. மூச்சை ஆழமாக இழுக்கிறாளா என்றுகூடக் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அதுவும் சரியாகக் கேட்பதில்லை.

வைக்கப் போகும்போது, "சாப்பிட்டயா மயிலு?" என்கிறாள். முன்பும் இதே குரலில் இப்படித்தான் கேட்பாள். பாசத்தில் கேட்கிறாளா, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாளா, என்னைக் கடைசிவரை இப்படியே தவிக்கவிடத்தான் கேட்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை வாய்விட்டுத் திட்டினால் தெரிந்துவிடும். அவள் திட்டுவதில்லை.

சாப்பிட்டேன் என்கிறேன்.